அவர் முறித்தால் நாமும் முறிக்கலாமா?

தருமபுரிப் பக்கத்தில் மாம்பழக் காலம் முடிந்து கணக்குப் பார்க்க உட்காரும்போதுதான் கூட்டு வியாபாரங்களில் குரல்கள் உயரத் தொடங்கும். காரிமங்கலம், பாலக்கோடு வட்டாரத் தோப்புகளிலிருந்து பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாகக் கூழ் ஆலைகளுக்குப் போகும். ஆலை ஓடுவதோ வருடத்தில் சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களுக்குள் பழம் வாங்கி, ஆள் பிடித்து, கூழ் எடுத்து, பீப்பாய்களில் அடைத்துவிட வேண்டும். ஒருவரிடம் ஆலை இருக்கும், ஓட்டத் தெரியாது. இன்னொருவருக்கு ஓட்டத் தெரியும், ஆலை இருக்காது. இருவரும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொள்வார்கள்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்குவோம். இதில் வருபவர்கள் கற்பனை மனிதர்கள். ஆனால் வழக்கு உங்களுக்குப் புதிதாக இராது.

ஒரு கம்பெனிக்கு ஆலை சொந்தம். மற்றொரு கம்பெனி ஐந்து வருடத்திற்கு அதை நிர்வகித்துத் தருவதாக ஒப்புக்கொண்டது. சொந்தக்காரர் பழம் வாங்கப் பணத்தைத் தவணைப்படி கொடுக்க வேண்டும். நிர்வகிப்பவர் பருவகாலத்தில் வேறு ஆலைக்கு வேலை செய்யக் கூடாது. லாபத்தில் இன்ன பங்கு. இரண்டு வருடம் நன்றாகவே போயிற்று. மூன்றாம் வருடம் சொந்தக்காரரின் பணம் தாமதமாக வந்தது. நிர்வகிப்பவர் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பழமாகப் பார்த்து இரவோடு இரவாக வேறோர் ஆலைக்குத் திருப்பி விட்டார். சேதி சொந்தக்காரரின் காதுக்கு எட்டியது. அவரும் வாய் திறக்கவில்லை. மிச்சத் தவணையை நிறுத்திவிட்டார். இப்போது இருவரும் பேசுவது ஒரே பேச்சு: முதலில் முறித்தவன் அவன்தானே?

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். தவணைப் பணத்திற்காக ஒருவருடைய மனைவியின் நகை பேங்கில் இருக்கிறது. இரண்டு குடும்பத்துக்கும் சம்பந்தம் உண்டு. இந்த வருடம் பெருநாளைக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை. கம்பெனிகளின் சண்டை என்று நாம் சொல்லுகிறோம். அது வந்து நிற்பது வீட்டு அடுப்படியில்.

கேள்வி இதுதான். நம்மோடு ஒப்பந்தம் செய்தவர் சொன்ன சொல் தவறினால், நாம் கொடுத்த வாக்கின் கடமை நம்மை விட்டு நீங்கிவிடுமா? நீங்காது என்றால் நஷ்டத்தை விழுங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமா?

மார்க்கச் சட்டத்துக்குள் போகுமுன் உலகம் அறிந்த ஒரு வழக்கைப் பார்ப்போம். அதன் முதல் பாகம் நம் மாவட்டத்திலேயே நடந்ததுதான். 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து உண்டான தருமபுரி மாவட்டத்தில், 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை, ஓசூரும் சேர்ந்திருந்தது. அந்த ஓசூரில் 1980-களில் டி.வி.எஸ். குழுமமும் ஜப்பானிய சுசுகி கம்பெனியும் கூட்டாகச் சேர்ந்து மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கின. 1984-இல் இண்ட்-சுசுகி என்ற வண்டி வெளிவந்தது. பிறகு டி.வி.எஸ்.-சுசுகி என்று பெயர். தருமபுரி, கிருஷ்ணகிரித் தெருக்களில் அந்த வண்டியில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் போனவர்கள் இப்போது பாட்டனார்களாக இருப்பார்கள்.

ஏறத்தாழ கால் பங்கு முதல் சுசுகியுடையது, நிர்வாகம் டி.வி.எஸ். கையில். காலம் போகப் போகக் கருத்து வேறுபாடு தோன்றியது. 2001-இல் இரண்டும் பிரிந்தன. பிரிந்த விதம்தான் நமக்குப் பாடம். சுசுகி தன் பங்குகளை டி.வி.எஸ். பக்கத்துக்கே விற்றது. முப்பது மாதங்களுக்குப் போட்டி வண்டியோடு இந்தியச் சந்தைக்குள் வருவதில்லை என்று ஒப்புக்கொண்டது. அந்த இடைக்காலத்தில் சுசுகி பெயரைப் பழைய வண்டிகளுக்கு உபயோகிக்க டி.வி.எஸ்ஸுக்கு அனுமதி இருந்தது. கம்பெனியின் பெயர் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி என்று மாறிற்று. அதன் பின் சில ஆண்டுகள் கழித்துத்தான் சுசுகி தன் சொந்தக் கம்பெனியின் மூலம் வட இந்தியாவில் குர்கான் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் செய்ய ஆரம்பித்தது. மனத்தில் என்ன கசப்பு இருந்ததோ நாம் அறியோம். வெளியே பார்த்தால், பிரிவுக்கே ஓர் ஒப்பந்தம் எழுதி, அதன்படி இரு தரப்பும் விலகிப் போயின.

அதே சுசுகி எட்டு வருடம் கழித்து, 2009 டிசம்பரில், ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனியோடு கை கோத்தது. வோக்ஸ்வாகன் சுசுகியின் பங்குகளில் நூற்றுக்கு ஏறத்தாழ இருபதை வாங்கியது. பெரிய கம்பெனியின் தொழில்நுட்பம் சின்ன கம்பெனிக்குக் கிடைக்கும். சின்ன கம்பெனிக்கு இந்தியாவில் உள்ள சந்தை பலம் பெரிய கம்பெனிக்கு உதவும். எண்ணம் நல்லதுதான். ஆனால் இரண்டு வருடம் நிலைக்கவில்லை. வோக்ஸ்வாகன் தன் ஆண்டறிக்கையில், சுசுகியின் கொள்கை முடிவுகளில் தனக்குக் கணிசமான செல்வாக்கு உண்டு என்ற தோரணையில் எழுதிற்று. சம பங்காளியாக நினைத்து வந்தோம், நம்மைத் தொண்டூழியக் கம்பெனியாக நினைக்கிறார்களா என்று ஜப்பானியருக்குச் சுருக்கென்று தைத்தது. கேட்ட தொழில்நுட்பமும் வரவில்லை என்பது அவர்கள் குறை. 2011-இல் சுசுகி தன் ஐரோப்பியக் காருக்கு டீசல் எஞ்சினை இத்தாலியின் ஃபியட்டிடம் வாங்க ஏற்பாடு செய்தது. இது ஒப்பந்த மீறல் என்று அதே செப்டம்பரில் வோக்ஸ்வாகன் நோட்டீஸ் விட்டது. மீறியது நீங்கள்தான் என்றது சுசுகி. நவம்பரில் ஒப்பந்தத்தை ரத்துச் செய்ததாக அறிவித்து, பங்குகளைத் திருப்பிக் கொடு என்று கேட்டது. வோக்ஸ்வாகன் மறுத்தது. வழக்கு லண்டனில் சர்வதேச மத்தியஸ்தர்கள் முன் போயிற்று.

தீர்ப்பு வர 2015 ஆகஸ்ட் வரை, கிட்டத்தட்ட நான்கு வருடம் ஆயிற்று. சுசுகி தகுந்த முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்தது செல்லும். வோக்ஸ்வாகன் பங்குகளைத் திருப்பி விற்க வேண்டும் என்றார்கள். சுசுகிக்கு வெற்றி என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் தீர்ப்புக்கு இன்னொரு பக்கம் இருந்தது. வோக்ஸ்வாகன் வெளியிட்ட அறிக்கையின்படி, வோக்ஸ்வாகன் தன் கடமைகளை நிறைவேற்றியது என்றும், ஒப்பந்தத்தை மீறிய குற்றம் சுசுகியின் மேல் உண்டு என்றும், அதற்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்றும் மத்தியஸ்தர்கள் கண்டார்கள். செப்டம்பரில் சுமார் 46 ஆயிரம் கோடி யென் கொடுத்துச் சுசுகி தன் பங்குகளை மீட்டுக்கொண்டது. நஷ்டஈட்டு விவகாரம் 2016-இல் சமரசமாக முடிந்தது.

விலகும் உரிமை சுசுகிக்கு இருந்தது. அந்த உரிமை இருந்ததால், விலகாமல் இருந்துகொண்டே எஞ்சினை வேறிடத்தில் வாங்கியது நியாயமாகிவிடவில்லை. ஒப்பந்தத்திலிருந்து வெளியேறுவது வேறு, உள்ளே இருந்துகொண்டே அதை மீறுவது வேறு. இந்த வித்தியாசத்தை லண்டன் மத்தியஸ்தர்கள் 2015-இல் கண்டார்கள். நம் அருள்மறை பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

'அல்மாயிதா' அத்தியாயத்தின் முதல் வசனமே, ஈமான் கொண்டவர்களை அழைத்து, உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி கட்டளையிடுகிறது. யாரோடு செய்த உடன்படிக்கை என்று அங்கே பிரித்துச் சொல்லப்படவில்லை. ஆனால் எதிர்த் தரப்பு துரோகம் செய்யப்போகிறது என்ற அச்சம் வந்தால்? அதற்கும் வழி காட்டப்பட்டிருக்கிறது. 'அல்அன்ஃபால்' அத்தியாயத்தின் 58-வது வசனம் அதைப் பற்றியதே. ஒரு கூட்டத்தாரிடமிருந்து மோசடி வருமென்று அஞ்சினால், அந்த உடன்படிக்கையை அவர்களிடமே வெளிப்படையாக, இரு தரப்பும் சமமாக அறியும்படி எறிந்துவிடச் சொல்கிறது. மோசடிக்காரர்களை அல்லாஹ் நேசிப்பதில்லை என்றும் எச்சரிக்கிறது. இது யுத்த உடன்படிக்கையைப் பற்றி இறங்கியது. வாளோடு நிற்கும் எதிரிக்கே இந்த நீதி என்றால், மாம்பழக் கூழ் வியாபாரத்தில் சம்பந்தியாக இருப்பவருக்கு எவ்வளவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த வசனத்தின் கருத்து நடைமுறைக்கு வந்த ஒரு சம்பவத்தை அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் காணலாம். ஹழ்ரத் முஆவியா (ரலி) அவர்களுக்கும் ரோமர்களுக்கும் இடையே ஒரு தவணைக்கு உடன்படிக்கை இருந்தது. தவணை முடியும் தறுவாயில் அவர்கள் படையை ரோமர் நாட்டை நோக்கி நகர்த்திக்கொண்டு போனார்கள். தவணை முடிந்த கணமே தாக்கிவிடலாம் என்பது கணக்கு. எழுத்துப்படி பார்த்தால் மீறல் இல்லை. அப்போது ஒருவர் குதிரையில் விரைந்து வந்தார். வாக்கை நிறைவேற்றுங்கள், துரோகம் வேண்டாம் என்று கூவினார். பார்த்தால் நபித்தோழர் அம்ரு இப்னு அபஸா (ரலி) அவர்கள். ஒரு கூட்டத்தோடு உடன்படிக்கை செய்தவர், அதன் தவணை முடியும்வரை, அல்லது வெளிப்படையாக அதைத் திருப்பித் தரும்வரை, முடிச்சை இறுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லத் தாம் கேட்டதாக எடுத்துரைத்தார்கள். முஆவியா (ரலி) அவர்கள் படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒப்பந்தம் இன்னும் ஆறு மாதம் இருக்கும்போதே, முடிந்த மறுநாள் பழைய பங்காளியின் வாடிக்கைக்காரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போக வலை விரிக்கிறோமே, அந்தச் சாமர்த்தியத்தை இந்தச் சம்பவத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி, நேரடிக் கேள்விக்கு வருவோம். மோசடி செய்தவனுக்கு மோசடி செய்யலாமா? உன்னை நம்பியவரின் அமானிதத்தை ஒப்படைத்துவிடு; உனக்கு மோசம் செய்தவருக்கும் நீ மோசம் செய்யாதே என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீயில் இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் வரிசையைக் குறித்து ஹதீஸ் கலை வல்லுநர்களிடையே பேச்சு உண்டு. இமாம் திர்மிதீ (ரஹ்) அதை ஹஸன் என்ற தரத்தில் வைத்தார்கள்.

உடனே ஒருவர் எழுந்து, அப்படியானால் ஹிந்த் (ரலி) அவர்களின் விஷயம் என்ன என்று கேட்பார். கேட்கத்தான் வேண்டும். தம் கணவர் அபூஸுஃப்யான் கைப்பிடிப்பான ஆள், தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதைத் தருவதில்லை என்று அந்த அம்மையார் முறையிட்டபோது, நியாயமான அளவில் போதுமானதை அவருடைய பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ் இது. இதைக் கொண்டு ஃபுகஹாக்கள் ஒரு மஸ்அலாவை விரித்திருக்கிறார்கள். வர வேண்டிய கடனை ஒருவன் அநியாயமாக மறுக்கிறான். அவனுடைய பொருள் நம் கைக்குக் கிடைக்கிறது. நம் ஹக்கை எடுத்துக்கொள்ளலாமா? வேறு வழியில் பெற முடியாதபோது எடுக்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபில் தாராளமாகச் சொல்வார்கள். ஹனஃபிகள் அதே இனப் பொருளாக இருந்தால் எடுக்கலாம் என்பார்கள். ஹன்பலி மத்ஹபில் பொதுவாக இதற்கு இடம் தருவதில்லை. மேலே சொன்ன 'மோசம் செய்யாதே' என்ற ஹதீஸே அவர்களுக்கு ஆதாரம். தன் ஹக்கை மட்டும் எடுப்பது மோசடியே அல்ல, அதற்கு மேல் எடுப்பதுதான் மோசடி என்று ஒத்துப்போகச் செய்தவர்களும் உண்டு.

இந்த மஸ்அலாவைத்தான் நம்மவர்கள் பலர் அரைகுறையாகக் கேட்டுவிட்டு இரவில் பழ லாரியைத் திருப்பி விடுகிறார்கள்! ஹிந்த் (ரலி) அவர்களுக்கு இருந்தது, சந்தேகமில்லாத, அளவு தெரிந்த ஹக்கு. அதுவும் முதலில் நாயகத்திடம் வந்து கேட்டுவிட்டு எடுத்தார்கள். நம் கூழ் ஆலையிலோ, யாருக்கு எவ்வளவு வரவேண்டும் என்பதே சண்டை. தாமதமான தவணைக்கு என்ன ஈடு என்று யாரும் தீர்க்கவில்லை. அளவு தெரியாத ஹக்கை ஒருவர் தாமே அளந்து எடுத்துக்கொண்டால், அவரே வழக்காடியும் அவரே காஜியுமாக ஆகிவிடுகிறார். மேலும் அங்கே திருப்பிவிடப்பட்ட பழம் கடனும் அல்ல, ஒப்பந்த வேலையின் பலன். இந்த இடத்தில் எந்த மத்ஹபின் சலுகையும் அவருக்கு உதவாது என்பதே இந்த எளியவனுடைய அபிப்பிராயம். ஆலிம்கள் வேறு விதமாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.

கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதனால், மீறியது கம்பெனிதான், நான் இல்லை என்று நினைத்து இரவில் தூங்குகிறவர்களும் உண்டு. கையெழுத்துப் போட்ட விரல் கம்பெனியுடையதல்ல. பங்குதாரர்களின் பணமும், பேங்கில் இருக்கும் அந்த அம்மாளின் நகையும் அவர் கையில் அமானிதம். நகையைப் பற்றி ஒரு வார்த்தை: அது மனைவியின் சொத்து. வழக்கு நடத்த அதை மேலும் அடகு வைப்பதாயிருந்தால் அவளுடைய மனப்பூர்வமான சம்மதம் வேண்டும். வழக்கின் நிலையைச் சொல்லாமல் வாங்கிய சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

இப்போது உதாரணத்தில் வந்த இருவரையும் மார்க்கச் சட்டத்தின் முன் நிறுத்துவோம். லாபத்தில் பங்கு என்று ஒருவர் முதல் போட்டு மற்றவர் உழைப்பதற்கு முளாரபா என்று பெயர். கிராள் என்றும் சொல்வர். இதில் உழைப்பவர் அமானிதக்காரர். அவருடைய குற்றமின்றி நஷ்டம் வந்தால் அது முதலைச் சேரும். அவருக்கு உழைப்பு நஷ்டம். ஆனால் முதல்காரர் விதித்த நியாயமான நிபந்தனையை அவர் மீறினால் பொறுப்பாளி ஆகிவிடுகிறார். நஷ்டத்தை அவர் கட்ட வேண்டும். (ஆலையும் மெஷினும் முளாரபாவின் முதலாக முடியாது, ரொக்கம்தான் முதல் என்பது ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் கருத்து. ஆகவே ஆலைக்கு வாடகை தனி, பழம் வாங்கும் பணத்துக்கு முளாரபா தனி என்று எழுதிக்கொள்வது பத்திரம்.)

உழைப்பவர் அதே நேரத்தில் வேறொருவர் பணத்தையும் வாங்கி வியாபாரம் செய்யலாமா? பெரும்பாலான இமாம்கள் தடுக்கவில்லை. முதலாமவருக்கு நஷ்டம் வருமானால், அவர் அனுமதியில்லாமல் கூடாது என்பது ஹன்பலிகளின் தீர்ப்பு. மீறிச் செய்தால், அங்கே கிடைத்த தன் லாபப் பங்கை முதல் கூட்டில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்றுகூட இப்னு குதாமா (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். நம் உதாரணத்தில் வேறு ஆலைக்கு வேலை செய்வதில்லை என்று எழுதியே கொடுத்திருக்கிறார். ஹலாலை ஹராமாக்காத, ஹராமை ஹலாலாக்காத நிபந்தனைகளுக்கு முஸ்லிம்கள் கட்டுப்பட்டவர்கள் என்ற நபிமொழி இருக்கையில், இங்கே கருத்து வேற்றுமைக்கு இடம் சுருக்கம்.

சொந்தக்காரரும் தப்பவில்லை. தவணையைத் தாமதித்தது அவர் குற்றம். வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் அநியாயம் என்றே சொன்னார்கள். பணமே வராமல் ஆலை எப்படி ஓடும்? அந்த நிலையில் நிர்வகிப்பவருக்கு நேரான வழி ஒன்று இருந்தது. இத்தனை நாளுக்குள் பணம் வராவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது என்று ஒரு கடிதம். கடிதம் போன பிறகு, தவணை தாண்டிய பிறகு, அவர் எந்த ஆலைக்குப் போனாலும் துரோகி என்று சொல்ல யாருக்கும் நாக்கு இராது. முளாரபா எந்தத் தரப்பும் முடித்துக்கொள்ளக்கூடிய உடன்படிக்கைதான் என்பது ஹனஃபி, ஷாஃபிஈ சட்டம். காலக் கெடு எழுதியிருந்தால் அதையும், ரத்துச் செய்யும் முறை எழுதியிருந்தால் அதையும் பேண வேண்டும்.

எழுதுவது பற்றிச் சொல்லாமல் முடியாது. அருள்மறையிலேயே மிக நீளமான வசனம், 'அல்பகரா'வின் 282-வது வசனம், தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், கடன்பட்டவர் வாசகம் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும், சின்னத் தொகையானாலும் எழுதச் சோம்பக் கூடாது என்றெல்லாம் அதில் வருகிறது. நம்மவர்கள் சேரும் விதத்தை எழுதுகிறார்கள். லாபத்தில் இவருக்கு இவ்வளவு என்று எழுதுகிறார்கள். பிரியும் விதத்தை எழுதினால் அபசகுனம் என்று விட்டுவிடுகிறார்கள். நிக்காஹின்போதே மஹரை எழுதி, தலாக்கின் சட்டத்தையும் ஓதிப் படிக்கிற சமுதாயத்துக்கு இது என்ன கூச்சம்? ஓசூரில் பிரிவதற்கென்றே முப்பது மாத ஏற்பாடு எழுதினார்கள். வோக்ஸ்வாகனோடு வந்த வழக்கில், விலகினால் பங்குகள் யாருக்கு என்பதைத் தீர்க்க நான்கு வருடம் ஆயிற்று.

வழக்கு வந்தே தீருமானால், கோர்ட்டுப் படி ஏறுமுன் மத்தியஸ்தம் இருக்கிறது. கணவன் மனைவி பிணக்குக்கு இரு பக்கமும் ஒவ்வொரு நடுவரை வைக்கச் சொல்கிறது 'அன்னிஸா'வின் 35-வது வசனம். நாட்டின் சட்டத்திலும் 1996-ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் உண்டு. நடுவர் தீர்ப்பை ஏற்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டால், அந்தத் தீர்ப்பைக் கோர்ட் டிக்ரி போல நிறைவேற்ற முடியும். எழுத்தில் இல்லாத மத்தியஸ்த ஏற்பாட்டை அந்தச் சட்டம் ஏற்காது. ஜமாஅத்தில் முதவல்லி சாஹிப் முன்னால் வாயால் பேசி முடித்ததை மறுநாள் மறுப்பவர்கள் இருப்பதால் இதைச் சொல்கிறேன். கணக்குத் தெரிந்த ஒருவர், மார்க்கம் தெரிந்த ஒருவர், தொழில் தெரிந்த ஒருவர் என்று மூவரை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதி வைப்பது நல்லது. சண்டை வந்தபின் நடுவரைத் தேடினால், நடுவர் யார் என்பதிலேயே இரண்டாவது சண்டை பிறக்கும்.

கடைசியாக ஒரு மஸ்அலா. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஆனால் கிடங்கில் இருநூறு பீப்பாய்க் கூழ் விற்காமல் இருக்கிறது. என்ன செய்வது? முதல்காரர் கேட்டால், சரக்கை விற்றுப் பணமாக்கித் தருவது உழைத்தவரின் கடமை என்று ஷாஃபிஈ மத்ஹபில் சொல்வார்கள். ஹனஃபி மத்ஹபில், நீக்கிய சேதி உழைப்பவருக்கு எட்டும்வரை அவர் செய்த வியாபாரம் செல்லும். எட்டிய பின்னும், கையிலிருக்கும் சரக்கை விற்க அவருக்கு உரிமை உண்டு. நீக்கம் அதைத் தடுக்காது. அந்த விற்ற பணத்தைக் கொண்டு புதிதாகப் பழம் வாங்கும் அதிகாரம் மட்டும் அவருக்கு இல்லை.